பதினேழாம் படுக்கையின் குமிழ்

அத்தியாயம் 9

நாலாவது செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போதுதான் ஹெப்சிபாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

விமலின் குமிழைத் திரும்பத் திறந்தேனா?

தண்ணீர் வழிந்து முடியும்வரை அப்படியே நின்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யோசித்தாள். மூடியது ஞாபகம் இருந்தது. ஆக்சிஜன் மீட்டரின் குமிழை வலப்பக்கம் திருகியதும், கண்ணாடிக் குழாய்க்குள் மிதந்துகொண்டிருந்த சின்னக் குண்டு கீழே இறங்கி உட்கார்ந்ததும் ஞாபகம் இருந்தது. திறந்தது ஞாபகம் இல்லை.

எட்டு வாரமாக இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு விமல் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெப்சிபாவுக்கு வீடு இராஜபாளையத்தில், நர்ஸ் வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில். கணவன் ஆல்வின் பஞ்சாலையில் சூப்பர்வைசர். ஆல்வினின் ஒரே தங்கை பொன்மணி, அவள் கணவன்தான் சேத்தூர் விமல். இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம், கொரோனா இரண்டாவது தடவையாக ஊரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது விமலுக்கும் காய்ச்சல் வந்தது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால், தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்த ஆக்சிஜன் எண்பத்தாறு காட்டியது.

பொன்மணி மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றாள். கார்கூடப் பேசிவிட்டாள். ஹெப்சிபாதான் தடுத்தாள். மதுரையில் வாசலிலேயே ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன, என் வார்டிலேயே படுக்கை வாங்கித் தருகிறேன், என் கண் முன்னால் இருக்கட்டும் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பொன்மணி சம்மதித்தாள். விமலுக்குப் பதினேழாம் படுக்கை கிடைத்தது. சென்ற வாரம் அங்கே விட்டோம்.

இப்போது அந்தப் பதினேழாம் படுக்கையின் குமிழ்தான் மூடியபடியே இருக்கிறதோ என்று பயம்.

*

அவளுடைய வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் பயம் விளங்கும்.

முப்பத்தாறு படுக்கைக்கு இரண்டு நர்ஸ். கவச உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் ஆறு மணி நேரத்துக்கு வெளியே வர முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது. போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், உள்ளே போன காகிதம் வெளியே வரக் கூடாது. ஆகவே அவளுக்குத் தலைதான் நோட்டு. ஒன்றாம் படுக்கைக்கு நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஆக்சிஜன். இரண்டுக்கு ஆறு லிட்டர், காலையிலிருந்து தொண்ணூறிலேயே நிற்கிறது. ஐந்துக்குப் பதினொரு மணிக்கு ஊசி. ஒன்பதுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். பதினொன்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, யாரோடும் பேசவும் இல்லை, அவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போதும் இந்த எண்கள் வந்து நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஜெபத்தின் நடுவில் அவள் வாய் தன்னையறியாமல் பன்னிரண்டுக்குப் பத்து லிட்டர் என்று சொல்லிவிட்டது. ஆல்வின் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போதாக்குறைக்குத் திங்கள்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆக்சிஜன் லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே நோயாளி சாப்பிடும்போதும் கழிப்பறைக்குப் போகும்போதும் குமிழை மூடிவிட வேண்டும், வந்ததும் திறந்துவிட வேண்டும். காகிதத்தில் அது ஒரே வரிதான். முப்பத்தாறு பேர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து போவார்கள் என்று அதை எழுதினவர் எண்ணிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

நர்ஸ்கள் தாங்களாகவே அதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். குமிழை மூடியதும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, படுக்கை எண்ணை எழுதி, இடது கையில் கவச உடையின் மேல் ஒட்டிக்கொள்வார்கள். திறந்ததும் உரித்துப் போட்டுவிடுவார்கள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்றால் எல்லாக் குமிழும் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். நாலு நாளாக ஒரு தவறும் நேரவில்லை.

இன்றைக்கு ஒன்றே முக்கால் மணிக்கு விமல் கழிப்பறைக்குப் போனான். அவள் குமிழை மூடி, பதினேழு என்று எழுதி ஒட்டிக்கொண்டாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டுவதற்குள் நாலாம் படுக்கையில் இருந்த அம்மாளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

பன்னிரண்டு நிமிடம் ஹெப்சிபா அந்த அம்மாளின் நெஞ்சை அழுத்தினாள். டாக்டர் ஓடி வந்தார். இன்னொரு நர்ஸ் மருந்து ஏற்றினாள். நாலாம் படுக்கை பிழைக்கவில்லை. அவள் நிமிர்ந்தபோது மணி இரண்டாகியிருந்தது, அடுத்த ஷிப்ட் அசீனா வாசலில் நின்றாள். ஹெப்சிபா வழக்கம்போல இடது கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. எல்லாம் திறந்திருக்கிறது என்று அசீனாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கவச உடையைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில், பதினெட்டாம் படுக்கைப் பெரியவரின் மகள் வெள்ளத்தாய் பிளாஸ்க்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். அவர்களுக்கு ஊர் வ. புதுப்பட்டி. தினமும் ஷிப்ட் முடிந்து வருகிற ஹெப்சிபாவிடம்தான் அவள் அப்பாவைப் பற்றி விசாரிப்பாள். இன்றும் விசாரித்தாள். நல்லா இருக்காரு என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா வண்டியை எடுத்தாள்.

பன்னிரண்டு நிமிடம் கை மேல் கை வைத்து அழுத்தினால், அந்த உரசலில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி தானாகக் கழன்று விழாதா? நாலு நாளும் அந்தக் கையை அப்படியே நம்பியிருந்தார்கள். இப்படி ஒன்று நடக்கலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

*

ஈரத் தலையோடு பின்வாசலில் நின்று போன் போட்டாள். வார்டு போன் எங்கேஜ்டாகவே இருந்தது. அசீனாவின் போன் அணைத்துக் கிடந்தது. அவள் உள்ளே இருக்கிறாள், எட்டு மணிக்குத்தான் வெளியே வருவாள். கடைசியில் விமலின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. முழுவதும் அடித்து நின்றது. திரும்பப் போட்டாள். திரும்பவும் முழுவதும் அடித்து நின்றது.

விமலைச் சேர்த்த நாளிலிருந்து இங்கேயே தங்கியிருக்கும் பொன்மணி, அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். தொற்றுக்குப் பயந்து வீட்டுக்குள் ஹெப்சிபாவும் அவளும் தள்ளித்தான் இருப்பார்கள், பேச்செல்லாம் ஜன்னல் வழியாகத்தான். வந்தவுடனே ஒரு தடவை அவள் விசாரித்திருந்தாள். பாதிச் சோறு சாப்பிட்டாரு, நல்லா இருக்காரு என்று ஹெப்சிபா பதில் சொல்லியிருந்தாள்.

“ரெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணுவாவ மதினி. இன்னிக்குப் பண்ணல. தூங்குதாவளோ?”

“தூங்குவாரு. ராத்திரி சரியாத் தூங்கலல்லா.”

பொய்யை இவ்வளவு சுளுவாகச் சொல்ல வருகிறதே என்று ஹெப்சிபாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆல்வின் முன்வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரடங்கில் ஆலையை மூடிய நாளிலிருந்து அவன் துடைக்காத பொருள் வீட்டில் இல்லை. ஹெப்சிபா அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். நீ திறந்திருப்பாய், மனசு குழம்பிக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்றான். ஒரு மாதமாகவே கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்க்கிற ஆள் நீ, இது அந்த மாதிரிதான் என்றான்.

“எதுக்குப் போய்ப் பாக்கேன்னு நெனைக்கீய? அணைச்சது ஞாபகம் இல்லாததுனாலதான் பாக்கேன்.”

ஆல்வின் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தான்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுப் பொன்மணி வாசலுக்கு வந்துவிட்டாள். இப்போதுதானே வந்தீர்கள், ஒரு வாய் சாப்பிடவில்லை, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டாள். போனை ஆஸ்பத்திரியில் மறந்து வைத்துவிட்டேன் என்று ஹெப்சிபா சொன்னாள்.

போன் அவள் கையில்தான் இருந்தது. பொன்மணி அதைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவள் உள்ளே போகவில்லை.

*

வெயில் மூன்றரை மணிக்கும் இறங்கவில்லை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஆல்வின் அவ்வளவு வேகமாக வண்டி ஓட்டி அவள் பார்த்ததே இல்லை.

ஹெப்சிபா கண்ணை மூடி ஜெபம் பண்ணப் பார்த்தாள். வாயில் வார்த்தை வரவில்லை, எண்கள்தான் வந்தன. ஆறு லிட்டர் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அடியோடு நின்றால் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்கும், பத்து நிமிடத்தில் எவ்வளவு, அதற்கு அப்புறம் மூளைக்கு என்ன ஆகும். மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, பொத்தாம் பொதுவாகப் பயந்துகொள்ளலாம். அவள் படித்தவள். நிமிட நிமிடமாகத் தெரியும். கழிப்பறையில் எப்போதும் ஆள் நிற்கும், அவன் திரும்பி வர இரண்டு மணியாவது ஆகியிருக்கும். வந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்திருப்பான். மாஸ்க் முகத்தில் இருந்தால் காற்று வருகிறது என்றுதானே நினைப்பான்?

வன்னியம்பட்டி விலக்கில் போலீஸ் மறித்தது. அவசரத்தில் அடையாள அட்டையை எடுக்காமல் வந்துவிட்டாள். அங்கே நின்ற ஏட்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தானே இந்தப் பக்கமாகப் போனீர்கள் சிஸ்டர், இப்போது திரும்ப எதற்கு என்று விசாரித்தார். கேட்டதில் தப்பில்லை. வார்டில் ஆள் குறைகிறது என்று ஆல்வின்தான் சமாளித்தான். ஏட்டு அவள் முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் தடுப்பை இழுத்துவிட்டார்.

திறந்திருப்பேன் என்று ஒரு மனசு சொன்னது. நாலு நாளில் எண்பது தடவை மூடித் திறந்திருக்கிறாய், கை தானாகத் திறந்திருக்கும் என்றது. அந்த எண்பது தடவையில் ஒன்றுகூட ஞாபகம் இல்லையே என்று இன்னொரு மனசு சொன்னது. பொன்மணியிடம் என்ன சொல்வது? என் கண் முன்னால் இருக்கட்டும் என்று வாங்கி வந்து என் கையாலேயே மூடினேன் என்றா? ஹெப்சிபா ஆல்வினின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

*

இன்சார்ஜ் சிஸ்டர் இசக்கியம்மாள் மேஜையில் தலை கவிழ்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருட சர்வீஸ். வாய் கொஞ்சம் கூர்மை, ஆனால் எந்த நர்ஸுக்கு வீட்டில் சுகமில்லை என்றாலும் முதலில் போன் போடுகிறவள் அவள்தான்.

இங்கே வாயைத் திறந்து சொன்னால் திருப்பி எடுக்க முடியாது என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். சும்மா எட்டிப் பார்க்க வந்தேன், நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டியில் வரும்போது அப்படி ஒன்றைத் தயார்கூடப் பண்ணி வைத்திருந்தாள். ஆனால் நேரே போய் நின்றதும் வேறுதான் வந்தது.

“சிஸ்டர், பதினேழு குமிழை மூடுனேன். திறக்கலன்னு நெனைக்கேன்.”

இசக்கியம்மாள் பேனாவை வைத்தாள். திட்டவில்லை. எழுந்து, வா என்று கையைக் காட்டிவிட்டு வராந்தாவில் முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஹெப்சிபா நினைத்தாள். நாலாம் படுக்கை அம்மாளின் மகனிடம் இன்று செய்தி சொல்வதற்கும் இப்படித்தான் பேசாமல் முன்னால் நடந்திருப்பாள்.

வார்டின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் வந்து இருவரும் நின்றார்கள்.

விமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாஸ்க்குக்குள் மூச்சு ஆவியாகப் படிவதும் கலைவதுமாக இருந்தது. மீட்டரில் குண்டு மேலே மிதந்துகொண்டிருந்தது. அவன் போன் நர்ஸ் மேஜைப் பக்கம் சார்ஜில் கிடந்தது.

ஹெப்சிபா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திறந்துதான் இருந்திருக்கிறது, திறந்திருக்கிறேன், நான் கொல்லவில்லை என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். இசக்கியம்மாள் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபடி ஜன்னலில் பார்த்தாள். விமல் அவளைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கினான். அவளுக்கு ஆட்டுகிறான் என்று நினைத்து அவளும் கையைத் தூக்கினாள். அவன் ஆட்டவில்லை. பக்கத்துப் படுக்கையைக் காட்டினான்.

பதினெட்டாம் படுக்கையில் யாரும் இல்லை. விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

“கருத்தப்பாண்டி ஐயா எங்க?”

“செத்த நேரம் இரு. சொல்லுதேன்” என்றாள் இசக்கியம்மாள்.

*

அசீனா கண்ணாடியருகே வந்து, கவச உடைக்குள்ளிருந்து கத்திக் கத்திச் சொன்னாள். பாதியை இசக்கியம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

குமிழ் மூடித்தான் இருந்திருக்கிறது. விமல் கழிப்பறையிலிருந்து வந்து மாஸ்க்கை மாட்டிப் படுத்த கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கூப்பிடக் குரல் எழவில்லை. அசீனாவும் மற்றவளும் அந்தக் கோடியில் நாலாம் படுக்கை அம்மாளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டாம் படுக்கைப் பெரியவர்தான் அதைப் பார்த்தவர். வ. புதுப்பட்டியில் தென்னையும் நெல்லும் வைத்திருக்கிற சம்சாரி. ஆறு நாளாக மேலே பார்த்துப் படுத்துக் கிடந்ததில், குண்டு மேலே இருந்தால் காற்று வருகிறது, கீழே கிடந்தால் வரவில்லை என்று அவருக்குப் பிடிபட்டிருந்தது. விமலின் குண்டு கீழே கிடந்தது.

அவருக்குப் பன்னிரண்டு லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்க்கைக் கழற்றாமல் அவ்வளவு தூரம் கை எட்டாது. கழற்றினார். எழுந்து மூன்று எட்டு வைத்துப் பதினேழின் குமிழைத் திருகினார். குண்டு மேலே ஏறியது. திரும்ப வந்து படுக்கையைப் பிடிக்கும்முன் விழுந்துவிட்டார்.

விழுந்த சத்தம் கேட்டு அசீனா ஓடி வந்து விரலில் மாட்டிப் பார்த்தபோது அறுபத்தெட்டுதான் காட்டியது. அந்தத் தம்பிக்குத் திறந்துட்டேன் என்று மட்டும் சொன்னாராம். பிறகு பேச்சில்லை. ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

“என்ன நேரம்?” என்று கேட்டாள் ஹெப்சிபா.

இரண்டேகால் என்றாள் அசீனா. வாசலில் நின்று வெள்ளத்தாயிடம் நல்லா இருக்காரு என்று அவள் சொன்ன அதே நேரம்.

இசக்கியம்மாள் அவளை மேஜைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பெரியவரின் சிகிச்சைக் கோப்பைத் திறந்து முன்னால் தள்ளினாள். நோயாளி ஒத்துழைக்காமல் தானாகவே மாஸ்க்கைக் கழற்றி எழுந்து விழுந்தார் என்று எழுதியிருந்தது. இசக்கியம்மாளின் கையெழுத்து.

“ரெண்டு பிள்ளைக, முப்பத்தாறு நோயாளி. அம்புட்டையும் ஒருத்தி தலைக்குள்ள வச்சிருக்கணும்னா அது மனுச வேலையே இல்ல. உன்னைய நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் தூங்கு.”

“அவரு பிழைக்கலன்னா?”

இசக்கியம்மாள் கோப்பை மூடினாள்.

ஹெப்சிபா அப்போதுதான் உண்மையிலேயே பயந்தாள். இதற்கு முன்னால் வந்ததெல்லாம் விமலுக்காக வந்த பயம். இது தனக்காக வந்தது. இந்த ஒரு வரி நின்றுவிட்டால் அவளுக்கு மெமோ இல்லை, விசாரணை இல்லை, பொன்மணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. பெரியவர் இறந்துபோனால் அவர் மகளிடம், உங்க அப்பா சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது எவ்வளவு சுலபம் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு நிமிடம் அவள் அதற்கு ஆசைப்பட்டாள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

*

வெள்ளத்தாய் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்க்கில் கஞ்சி ஆறியிருக்கும். உள்ளே கொடுக்க அதை வாங்கிக்கொள்ள மத்தியானத்திலிருந்து யாரும் வரவில்லை. ஹெப்சிபாவைக் கண்டதும் எழுந்தாள்.

ஆல்வின் கொஞ்சம் தள்ளி வண்டியோடு நின்றான். விமல் உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் அவனுக்குச் சைகை காட்டிவிட்டு வெள்ளத்தாயிடம் போனாள்.

அப்பாவை ஐசியுவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சொன்னாள். வெள்ளத்தாய், நீங்கள் நல்லா இருக்காருன்னு சொன்னீர்களே என்றாள். குற்றமாகக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

“அம்மா, உங்க அப்பா மாஸ்க்கை வீம்புக்குக் கழத்தல. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் காத்து வரல. அதத் திறந்து விடத்தான் எந்திரிச்சாரு. அத மூடிப்போட்டு மறந்தது நான்.”

வெள்ளத்தாய் கையில் இருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், திரும்பவும் இறுக்கினாள். அடிக்க வருவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், கூட்டம் கூடும் என்று ஹெப்சிபா எதிர்பார்த்து நின்றாள். அதற்கெல்லாம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“இப்ப அவரு பக்கத்துல யாரு இருக்கா?” என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

“ஒரு சிஸ்டர் இருக்காவ. பத்துப் பேருக்கு ஒருத்தி.”

“அப்ப நீங்க போயி இருங்க. என்னைய உள்ள விடமாட்டாவ. மத்ததப் பொறவு பேசிக்கிடுவோம்.”

அந்தப் ‘பொறவு’ என்ற வார்த்தை ஹெப்சிபாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அதில் மன்னிப்பு இருந்ததா, வேறு எதுவும் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது கையில் போன் அடித்தது. பொன்மணி. நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறாள் என்று திரை காட்டியது. ஹெப்சிபா போனை ஆல்வினிடம் கொடுத்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லாதீய. விமல் நல்லா இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நானே வந்து அவ முகத்தப் பாத்துச் சொல்லுதேன்.”

ஆல்வின் அடிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் உள்ளே போகும்வரை அது அடித்துக்கொண்டிருந்தது.

இசக்கியம்மாளிடம் அந்தக் கோப்பைத் திரும்ப வாங்கினாள். எழுதினால் நாளைக்கே மெமோ வரும், அப்புறம் நான் பேசினாலும் எடுபடாது என்று இசக்கியம்மாள் சொன்னாள். ஹெப்சிபா அந்த வரிக்குக் கீழே நடந்ததை மூன்று வரியில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைத்தாள். இசக்கியம்மாள் அதைப் படித்துவிட்டு, அலமாரியைத் திறந்து புதுக் கவச உடை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இத்தனை மாதத்தில் எத்தனையோ தடவை அந்த உடையை மாட்டியிருக்கிறாள். இன்றுதான் உள்ளே போகப் பயந்தாள். தன் கையையே நம்ப முடியாதவள் இன்னொருத்தர் உயிரை அந்தக் கையால் எப்படித் தொடுவது?

ஐசியுவில் மூன்றாவது கட்டிலில் கருத்தப்பாண்டி இருந்தார். இறுக்கமான பெரிய மாஸ்க் பாதி முகத்தை மறைத்திருந்தது. ஹெப்சிபா பக்கத்தில் போய் நின்றாள். முதல் வேலையாக அவருடைய குமிழைப் பார்த்தாள். திறந்திருந்தது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

யாரோ வந்து நிற்பது தெரிந்து அவர் கண்ணைத் திறந்தார். கவச உடைக்குள் இருப்பது யார் என்று அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. பேச முடியவில்லை. போர்வைக்கு மேல் கிடந்த வலது கையை மெல்லத் தூக்கி, விரல்களைக் குவித்து, எதையோ திருகுவதுபோல ஒரு தடவை திருப்பிக் காட்டினார். அவளைப் பார்த்தார்.

“திறந்துதான் இருக்கு ஐயா. அந்தத் தம்பி எந்திரிச்சு உக்காந்துட்டாரு.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையைக் கீழே வைக்க அவரால் முடியவில்லை. ஹெப்சிபா அதைப் பிடித்து மெதுவாகப் போர்வை மேல் இறக்கிவைத்தாள், விடவில்லை.

தலைமாட்டில் ஆக்சிஜன் அளவு காட்டும் பெட்டியில் எழுபத்தெட்டு என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எழுபத்தேழானது.